அச்சு அசலாக இருந்தால் அசல் இல்லை

2022 நவம்பரில் பாடகர் பாப் டிலன் எழுதிய புதிய புத்தகம் ஒன்று அமெரிக்காவில் வெளிவந்தது. சாதாரணப் பிரதிகளோடு, டிலனே கைப்படக் கையெழுத்துப் போட்டதாகச் சொல்லி 900 பிரதிகளைத் தனியாக விற்றார்கள். ஒன்றின் விலை 599 டாலர். கூடவே, 'கையெழுத்து உண்மையானது' என்று பதிப்பகத் தலைவர் கையொப்பமிட்ட உறுதிக் கடிதமும் உண்டு. புத்தகம் கைக்கு வந்ததும் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? கையெழுத்துப் பக்கத்தைப் படம் எடுத்து இணையத்தில் போட்டு ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். குட்டு உடைந்தது அங்கேதான். ஒருவர் கையில் இருந்த கையெழுத்தும், முன்பின் தெரியாத இன்னொருவர் கையில் இருந்த கையெழுத்தும் வளைவுக்கு வளைவு ஒன்றாக இருந்தன. குறிப்பிட்ட சில வடிவங்களே திரும்பத் திரும்ப வந்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் மயிரிழை கூடப் பிசகவில்லை.

பதிப்பகமான சைமன் அண்ட் ஷூஸ்டர் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. டிலனும் ஓர் அறிக்கை விட்டார். 2019-இல் தலைசுற்றல் நோய் வந்தது, பிறகு பெருந்தொற்று வந்தது, ஒப்பந்தக் கெடு நெருங்கியது, 'ஆட்டோபென்' என்ற இயந்திரத்தைப் பயன்படுத்தலாம் என்று யாரோ சொன்னார்கள், ஒத்துக்கொண்டேன் என்றார். அவருடைய ஓவிய அச்சுப் பிரதிகள் சிலவற்றிலும் இந்த இயந்திரமே கையெழுத்துப் போட்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, ரசிகர்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்பதைத்தான். அந்தக் கையெழுத்துகள் டிலன் கையெழுத்தைப் போல இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவை அளவுக்கு மீறி ஒத்துப்போயின. அதுதான் காட்டிக்கொடுத்தது.

நம் ஊரில் கையெழுத்து மாறினால்தான் வம்பு. செக்கில் போட்ட கையொப்பம் வங்கியில் இருக்கும் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று செக் திரும்பி வந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். அதனால் கையெழுத்து என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விழ வேண்டிய முத்திரை என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. தடயவியல் நிபுணர் பார்க்கும் பார்வை வேறு. முழுக்க ஒத்துப்போகும் இரண்டு கையெழுத்துகளை அவர் முன் வைத்தால், இரண்டில் ஒன்றாவது போலி என்றுதான் முதலில் சந்தேகப்படுவார்.

இந்தச் சந்தேகத்தை முதன்முதலில் கணக்காகப் போட்டுக் காட்டிய வழக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது. சில்வியா ஆன் ஹௌலண்ட் என்ற பெரும் பணக்காரப் பெண்மணி 1865-இல் இறந்தார். சொத்து ஏறத்தாழ 20 லட்சம் டாலர். அவருடைய சகோதரியின் மகள் ஹெட்டி ராபின்சன், முழுச் சொத்தும் தனக்கே என்று சொல்லும் பழைய உயிலையும் அதோடு சேர்ந்த ஒரு கூடுதல் தாளையும் எடுத்து நீட்டினார். கூடுதல் தாளில் இருந்த கையொப்பம், உயிலில் இருந்த கையொப்பத்தைப் பார்த்து ஒற்றி எடுத்தது என்றது எதிர்த்தரப்பு. சாட்சி சொல்ல வந்தவர் ஹார்வர்டு கணிதப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்ஸ். பின்னாளில் தத்துவ அறிஞராகப் பெயர் பெற்ற அவருடைய மகன் சார்லஸ் பியர்ஸ் கூட உட்கார்ந்து வேலை பார்த்தார்.

அவர்கள் செய்தது இதுதான். ஐயத்துக்கு இடமில்லாத, சில்வியா போட்ட 42 கையொப்பங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழே இழுத்த கோடுகள் 30. எந்த இரண்டு கையொப்பங்களை ஜோடி சேர்த்தாலும் அந்த 30 கோடுகளில் எத்தனை ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகின்றன என்று எண்ணினார்கள். 42 கையொப்பங்களுக்கு 861 ஜோடிகள். பார்த்தால், சராசரியாக ஐந்து கோட்டுக்கு ஒன்றுதான் பொருந்தியது. அதாவது ஒரே பெண்மணி, ஒரே கை, ஒரே பெயர். ஆனாலும் 30-இல் 6 கோடுகளே வழக்கமாக ஒத்துப்போயின. வழக்கில் சிக்கிய ஜோடியிலோ 30-உம் பொருந்தின. இது தற்செயலாக நடக்க வாய்ப்பு எவ்வளவு? ஐந்தில் ஒன்றை முப்பது முறை பெருக்கினால், 21 இலக்கம் கொண்ட ஒரு எண்ணில் ஒன்று.

ஒரு கோடு பொருந்துவதற்கும் பக்கத்துக் கோடு பொருந்துவதற்கும் தொடர்பே இல்லை என்று பியர்ஸ் எடுத்துக்கொண்டது சரியில்லை எனப் பிற்காலப் புள்ளியியலாளர்கள் குறை சொன்னார்கள். நியாயமான குறைதான். கையொப்பம் கொஞ்சம் சாய்ந்தால் எல்லாக் கோடும் சேர்ந்தே சாயும். எண்ணில் சில சுழியங்களைக் குறைத்துக்கொள்ளலாம், முடிவு மாறாது. வேடிக்கை என்னவென்றால், 1868-இல் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றம் இந்தக் கணக்குக்குள் போகவே இல்லை. ஹெட்டியின் சாட்சியம் சட்டப்படி செல்லாது என்ற வேறொரு காரணத்தால் அவர் வழக்கு தோற்றது.

மனிதக் கை ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது? கையெழுத்து என்பது நாம் பார்த்துப் பார்த்து வரையும் படம் கிடையாது. பல்லாயிரம் முறை போட்டுப் பழகி, மூளையில் ஓர் அசைவுத் தொடராகப் பதிந்துபோனது. அதே கையெழுத்தைக் கரும்பலகையில் ஓர் அடி உயரத்துக்குப் போடச் சொன்னால், விரல்களுக்குப் பதில் தோளும் முழங்கையும் வேலை செய்கின்றன. வடிவம் மட்டும் மாறாமல் வருகிறது. பழகிய கையெழுத்தில் ஒரு கோட்டுக்கு ஆகும் நேரம் வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கண் பார்த்து, மூளை திருத்தம் சொல்லி, அது கைக்கு வந்து சேர்வதற்குள் பேனா அடுத்த வளைவுக்குப் போய்விடும். திருத்தவே நேரமில்லாத வேகம் அது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் சின்னச் சின்ன வித்தியாசம் விழுகிறது. அதே காரணத்தால்தான் கோட்டில் ஒரு தன்னம்பிக்கையும் தெரிகிறது.

போலி போடுபவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் பார்த்துத்தான் வரைய வேண்டும். பார்த்து வரைந்தால் மெதுவாகத்தான் வரும். விடிகாலையில் வாசலில் கம்பிக் கோலம் போடும் பாட்டியையும், புத்தகத்தைப் பார்த்துப் புள்ளிக்குப் புள்ளி இழுக்கும் பேத்தியையும் நினைத்துப் பாருங்கள். எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒரே கோலம். குனிந்து பார்த்தால் பேத்தியின் இழை எங்கே நின்றது, எங்கே தயங்கியது, எங்கே மாவு திட்டாகக் கொட்டியது என்று எல்லாமே தெரியும்.

கையெழுத்திலும் அப்படிக் குனிந்துதான் பார்க்க வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு லென்ஸ் போதும். அசல் கையெழுத்தில் பேனா காகிதத்தைத் தொடும்போதே ஓடிக்கொண்டிருக்கும். விமானம் தரையிறங்குவதும் ஏறுவதும் போன்ற அந்த ஓட்டத்தால், கோடு ஊசி முனையாகத் தொடங்கி ஊசி முனையாக முடியும். கீழே இழுக்கும்போது அழுத்தம் கூடும், மேலே போகும்போது குறையும். போலியில் தொடக்கமும் முடிவும் மொட்டையாக இருக்கும். பேனாவை வைத்து, யோசித்து, பிறகு இழுத்ததால் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மைப்பொட்டு நிற்கும். அழுத்தம் முழுக்க ஒரே சீராக இருக்கும். வளைவுகளில் நடுக்கம் தெரியும். அசலில் பேனா தூக்காத இடத்தில் இதில் தூக்கியிருக்கும், தூக்கிய இடத்தை மறைக்க மேலே ஒரு தடவல் இருக்கும். பால்பாயின்ட் பேனா என்றால் இன்னும் வசதி. வளைவு திரும்பியதும் குண்டின் ஓரத்தில் சேர்ந்த மை ஒரு பிசிறாக விழும். கோட்டுக்குள் மெல்லிய வெள்ளைக் கீறல்கள் ஓடும். பேனா எந்தத் திசையில் போனது என்பதை அவை சொல்லிவிடும். போலி போடுபவர்கள் வடிவத்தைக் கவனிப்பார்கள், கோடு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் கவனிக்க மாட்டார்கள்.

ஆட்டோபென்னும் இந்த லென்ஸுக்குத் தப்பாது. அது ஓர் அச்சின் தடத்தைப் பின்பற்றி இயந்திரக் கை ஒன்று நிஜப் பேனாவால் எழுதும் கருவி. மை அசல், பேனா அசல். ஆனால் பேனா இறங்கும் இடத்திலும் ஓயும் இடத்திலும் பொட்டு விழும், தடிமன் மாறாது, சில சமயம் இயந்திர அதிர்வு கோட்டில் பதியும். அமெரிக்க அதிபர் கென்னடி இதைத் தாராளமாகப் பயன்படுத்தினார். அவருடைய கையெழுத்து அச்சுகளை வகைப்படுத்தவே சார்லஸ் ஹாமில்டன் என்ற கையெழுத்து வணிகர் 1965-இல் ஒரு புத்தகம் போட்டார்.

எல்லாப் போலியும் மோசடி நோக்கத்தில் பிறந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாலிவுட் நடிகை ஜீன் ஹார்லோவின் ரசிகர் கடிதங்களுக்குப் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டவர் அவருடைய அம்மா. வால்ட் டிஸ்னிக்காக அவருடைய ஸ்டூடியோ ஓவியர்கள் போட்டார்கள். பீட்டில்ஸ் குழுவின் உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நால்வர் பெயரையும் சரளமாகப் போடுவார்கள். போதாக்குறைக்கு, நால்வரும் ஒருவருக்காக இன்னொருவர் போட்டுக்கொடுத்ததும் உண்டு. இப்படிப்பட்ட கையெழுத்தில் தயக்கமோ நடுக்கமோ இருக்காது. நூற்றுக்கணக்கில் போட்டுப் பழகிய கை. காகிதமும் மையும் அந்தக் காலத்தவை. வந்த வழியும் சரியான வழி, நட்சத்திரத்தின் அலுவலகத்திலிருந்தே வந்தது. அதைப் பிடிக்க ஒரே வழி, அந்த அம்மாவின் கையெழுத்து எப்படி இருக்கும், அந்த உதவியாளரின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று தனித்தனியாகத் தெரிந்து வைத்திருப்பதுதான். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் இதுவே மிகக் கடினமான பகுதி.

ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான மாதிரி வேண்டும் என்கிறோம். அந்த மாதிரியே போலியாக இருந்தால்?

1983 ஏப்ரலில் ஜெர்மனியின் ஷ்டெர்ன் வார இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நோட்டுகள். இதழ் அவற்றுக்குக் கொடுத்த விலை ஏறத்தாழ 93 லட்சம் மார்க். அறிவிப்புக்கு முன்னரே கையெழுத்து நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அவர்களும் பார்த்து, ஒப்பிட்டு, ஒரே கைதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வகையில் அவர்கள் சொன்னது சரி. ஒப்பிடுவதற்குக் கொடுத்த 'அசல்' மாதிரிகளில் சிலவும் நோட்டுகளை எழுதிய அதே ஆள், ஷ்டுட்கார்ட்டைச் சேர்ந்த கொன்ராட் குயாவ், எழுதியவை. குயாவின் கையோடு குயாவின் கை பொருந்தாமல் என்ன செய்யும்?

குயாவ் அவ்வளவு கவனமான ஆளும் கிடையாது. நோட்டுகளுக்குப் பழமை வர மேலே தேநீரைத் தெளித்தார். ஒரு நோட்டின் அட்டையில் ஹிட்லரின் பெயரெழுத்தாக ஒட்டிய பழைய பாணி எழுத்துகளில் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்' இருந்தது. பழைய எழுத்துருவில் இரண்டும் குழப்புமாம். அதை வரலாற்று அறிஞர்களும் பத்திரிகைக்காரர்களும் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு எழுத்தா கண்ணில் படும்?

மே 6-ஆம் தேதி ஜெர்மன் அரசு ஆவணக் காப்பகம் போலி என்று அறிவித்தது. அதை முடிவு செய்தது கையெழுத்து கிடையாது, காகிதம். வெள்ளைக் காகிதத்தை இன்னும் வெளுப்பாகக் காட்ட ஒளிர்பொருள் ஒன்றைச் சேர்ப்பார்கள். சலவைத் தூளில் துணியை வெளுப்பாகக் காட்டச் சேர்ப்பதும் இதே வகைதான். இது காகித ஆலைகளுக்குள் நுழைந்தது 1950-களில். ஹிட்லர் இறந்தது 1945-இல். புற ஊதா விளக்கின் கீழே வைத்ததும் தாள் நீலமாக ஒளிர்ந்தது. நோட்டைக் கட்டிய நூலிலும் பாலியெஸ்டர் இருந்தது.

இந்தச் சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை என்பதுதான் இதன் அழகு. கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. நம் ரூபாய் நோட்டுத் தாளில் அந்த ஒளிர்பொருள் இல்லை. அதனால் நல்ல நோட்டின் தாள் மங்கலாகவே கிடக்கும், அதில் பதித்த இழைகளும் எண்களும் மட்டும் மின்னும். சாதாரணத் தாளில் அடித்த கள்ளநோட்டு பளீரென்று நீலமாகத் தெரியும். 1930-களில் கையெழுத்தானதாகச் சொல்லும் ஒரு புகைப்படத்தையோ கடிதத்தையோ வாங்கும் முன் அந்த விளக்கின் கீழே ஒரு தடவை காட்டினால் ஏராளமான பணம் மிஞ்சும். பேனாவின் வயதும் அப்படித்தான். பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945-இல். ஷார்ப்பி மார்க்கர் வந்தது 1964-இல். பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1948-இல் இறந்துவிட்டார். அவர் ஷார்ப்பியில் கையெழுத்துப் போட்ட பந்து என்று யாராவது நீட்டினால் லென்ஸ் கூட வேண்டாம்.

குயாவ் ஓர் அரைகுறை என்றால், அதே காலத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த மார்க் ஹோஃப்மன் முழுத் தேர்ச்சி பெற்றவர். மார்மன் மதப் பிரிவின் ஆதிகால ஆவணங்கள், அமெரிக்காவில் அச்சான முதல் தாள் என்று தேடப்பட்ட ஓர் உறுதிமொழித் தாள், கவிஞர் எமிலி டிக்கின்சன் கைப்பட எழுதியதாக ஒரு கவிதை என எதையும் விட்டுவைக்கவில்லை. பார்த்து வரையாமல், அந்த ஆளாகவே மாறியதுபோல வேகமாக எழுதப் பழகியிருந்தார். பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்துப் பயன்படுத்தியதால் காகிதமும் காலத்துக்குச் சரி. மையையும் பழைய முறைப்படி மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சினார். சார்லஸ் ஹாமில்டன் உட்பட முன்னணி நிபுணர்கள் பலரும் ஏமாந்தார்கள். கடன் நெருக்கி, குட்டு வெளிப்படும் என்ற நிலை வந்தபோது 1985 அக்டோபரில் வெடிகுண்டு வைத்து இருவரைக் கொன்றார். அந்தக் கொலை விசாரணையில்தான் அவருடைய ஆவணங்கள் நுண்ணோக்கிக்கு அடியில் போயின.

மாசிக்காய் மை காகிதத்தில் காய்ந்து, காற்றுப் பட்டு, கருத்து, பழுப்பேறப் பல பத்தாண்டுகள் ஆகும். ஹோஃப்மனுக்கு ஒரே நாளில் ஆக வேண்டும். அதற்காக அவர் பயன்படுத்திய வேதிப்பொருள்கள் மையில் கலந்திருந்த பிசினை இறுக்கிவிட்டன. நுண்ணோக்கியில் பார்த்த தடயவியல் நிபுணர்கள் ஜார்ஜ் த்ராக்மார்ட்டனும் வில்லியம் ஃப்ளினும், எழுத்துகளின் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய விரிசல்களைக் கண்டார்கள். அதே காலத்து அசல் ஆவணங்களில் அப்படி எதுவும் இல்லை. விரிசல் விழுந்தவை எல்லாமே ஹோஃப்மன் கையிலிருந்து வந்தவை. அவர் ஆயுள் தண்டனையில் சிறைக்குப் போய்ப் பத்தாண்டு ஆன பிறகும், 1997-இல், அந்த டிக்கின்சன் கவிதை சதபீஸ் ஏலத்துக்கு வந்து, கவிஞரின் சொந்த ஊரான ஆம்ஹர்ஸ்டின் நூலகம் 20 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, பிறகு திருப்பிக் கொடுத்தது. போலியைப் போட்டவர் உள்ளே போனாலும் அவர் போட்டது வெளியேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஓவியத்துக்கு வந்தால் கதை பெரிதாகிறது, தர்க்கம் அதேதான். கையெழுத்தில் வெறும் கோடுகள். ஓவியத்தில் துணி, மரச்சட்டம், அடிப்பூச்சு, நிறமி, எண்ணெய், வார்னிஷ் என்று ஒவ்வோர் அடுக்கும் ஒரு சாட்சி.

நெதர்லாந்தின் ஹான் வான் மேகரன் அந்தச் சாட்சிகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கப் பார்த்தவர். 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீரின் பெயரில் வரைந்தார். பழைய துணி, பழைய நிறமிகள், பேட்ஜர் முடித் தூரிகை எல்லாம் சரி. ஆனால் எண்ணெய் வண்ணம் முழுக்க இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். பஞ்சில் சாராயம் தொட்டுத் துடைத்தால் புது வண்ணம் கரையும்; வாங்குபவர்கள் செய்யும் முதல் சோதனையே அதுதான். அதைத் தாண்ட அவர் கண்டுபிடித்த வழி, எண்ணெய்க்குப் பதிலாகப் பினால் ஃபார்மால்டிஹைடு பிசினில் நிறமியைக் குழைத்து அடுப்பில் வைத்துச் சுடுவது. பேக்கலைட் என்று பழைய மின் சுவிட்சுகளில் பார்த்திருப்போமே, அந்தப் பொருள்தான். சாராயம் என்ன, எதற்கும் அசையாது. பிறகு துணியை உருளையில் சுற்றி விரிசல் வரவழைத்து, விரிசலில் கறுப்பு மையை ஏற்றி அழுக்கும் சேர்த்தார். 1937-இல் வெர்மீர் அறிஞர் ஆப்ரஹாம் பிரெடியஸ் அப்படி வரைந்த ஒரு படத்தைப் பார்த்து மெய்மறந்து கட்டுரை எழுதினார். ரோட்டர்டாமின் போய்மன்ஸ் அருங்காட்சியகத்தில் அது தொங்கியது.

போருக்குப் பிறகு, நாஜித் தலைவர் கோரிங்கின் சேகரிப்பில் ஒரு 'வெர்மீர்' கிடைத்தது. விற்றவர் வான் மேகரன் என்று தெரிந்து, நாட்டின் செல்வத்தை எதிரிக்கு விற்ற குற்றத்துக்காக 1945-இல் அவரைப் பிடித்தார்கள். தலை தப்ப அவருக்கு இருந்த ஒரே வழி, 'அது நானே வரைந்த போலி' என்று ஒப்புக்கொள்வது. யாரும் நம்பவில்லை. காவலில் வைத்தே இன்னொரு படம் வரைந்து காட்டினார். பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த பால் கோர்மன்ஸ் தலைமையிலான ஆய்வுக் குழு வண்ணத்தில் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தது. பேக்கலைட் காப்புரிமை பெற்றது 20-ஆம் நூற்றாண்டில். வெர்மீர் இறந்தது 1675-இல். சாராயச் சோதனையைத் தாண்ட உதவிய அதே பொருள் வேதியியல் சோதனையில் அவரை மாட்டிவிட்டது. 1947 நவம்பரில் ஓராண்டுத் தண்டனை. அதை அனுபவிக்கும் முன்பே அடுத்த மாதம் மாரடைப்பில் இறந்தார்.

ஜெர்மனியின் வோல்ஃப்காங் பெல்ட்ராக்கி விழுந்தது இன்னும் சின்னத் தடுக்கலில். ஹைன்ரிஹ் கம்பெண்டாங்க் 1914-இல் வரைந்ததாகச் சொன்ன குதிரைகள் படம் ஒன்று 2006-இல் கொலோன் நகர ஏலத்தில் 28 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. வாங்கிய நிறுவனம் சோதிக்கச் சொன்னதும் வெள்ளை வண்ணத்தில் டைட்டானியம் இருந்தது. டைட்டானியம் வெள்ளை அந்த ஆண்டில் ஓவியர்கள் கைக்கு வந்திருக்கவில்லை. பெல்ட்ராக்கி வழக்கமாகத் துத்தநாக வெள்ளையைத்தான் பயன்படுத்துவார். அந்த முறை கடையில் வாங்கிய குழாயில் கொஞ்சம் டைட்டானியமும் கலந்திருந்ததை உறையில் போடவில்லை என்று பிறகு சொன்னார். 2011-இல் அவருக்கு 6 ஆண்டு கிடைத்தது.

அணுகுண்டுச் சோதனைகளும் இந்த வேலைக்கு உதவுகின்றன. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வெட்டவெளியில் வெடித்த குண்டுகளால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரு மடங்கானது. அந்தக் காற்றிலிருந்து கார்பனை எடுத்து வளர்ந்த பருத்தியிலும் ஆளிச்செடியிலும் அந்த மிகை பதிந்தது. அவற்றிலிருந்து நெய்த துணியிலும் பதிந்தது. வெனிசின் பெகி குகன்ஹைம் சேகரிப்பில் ஃபெர்னான் லெஜே வரைந்ததாக ஒரு படம் பல காலமாகச் சந்தேகத்தில் கிடந்தது. 2014-இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் அதன் துணி நுனியை எடுத்துச் சோதித்தபோது, 1959-க்குப் பிறகு விளைந்த நார் என்று தெரிந்தது. லெஜே 1955-இலேயே இறந்துவிட்டார்.

இந்தச் சோதனைகள் எல்லாம் ஒரே ஒரு சொல்லைத்தான் உறுதியாகச் சொல்லும்: 'இல்லை'. காலத்துக்குப் பொருந்தாத ஒன்று அகப்பட்டால் கதை முடிந்தது. எதுவும் அகப்படாவிட்டால் 'அசல்' என்று பொருளாகாது. இதுவரை எதுவும் அகப்படவில்லை என்றுதான் பொருள். பெல்ட்ராக்கி கையில் சுத்தமான துத்தநாக வெள்ளைக் குழாய் அகப்பட்டிருந்தால் அந்தக் குதிரைகள் இன்றும் யாரோ ஒருவர் வரவேற்பறையில் நின்றுகொண்டிருக்கும். ஆகவே அறிவியல் சான்றிதழ் என்று யாராவது நீட்டினால், அது என்ன சோதித்தது, எதைச் சோதிக்கவில்லை என்று கேட்பதுதான் முறை.

'ஆமாம்' என்று சொல்லும் வேலையை மற்றொரு சாட்சியிடம் விடுகிறார்கள்: பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற வரலாறு. இதையும் சமைக்கலாம். லண்டனில் ஜான் ட்ரூ என்ற ஆசாமி, ஓவிய ஆசிரியர் ஜான் மயாட்டை வைத்துச் சுமார் 200 போலிகள் வரைய வைத்தார். மயாட் பயன்படுத்தியது வீட்டுச் சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட். எந்த ஆய்வுக்கூடத்திலும் ஒரு நிமிடம் தாங்காது. ஆனால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் எண்ணமே யாருக்கும் வரவில்லை, ஏனென்றால் ட்ரூ நன்கொடை கொடுத்து டேட் கலைக்கூடம் போன்ற பெரிய இடங்களின் காப்பகங்களுக்குள் நுழைந்து, பழைய கண்காட்சிப் பட்டியல்களிலும் கடிதக் கோப்புகளிலும் தன் போலித் தாள்களைச் செருகி வைத்திருந்தார். சந்தேகப்பட்டவர்கள் காப்பகத்துக்குப் போய்ப் பார்த்தால் படம் அங்கே 'இருந்தது'. 1999-இல் இருவரும் தண்டனை பெற்றார்கள்.

ஓவியர் சால்வடார் டாலியின் கதை தலைகீழ். அவர் வெற்றுத் தாள்களில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டு விற்றார். 1974-இல் அண்டோராவுக்குள் போன ஒரு லாரியைப் பிரெஞ்சுச் சுங்கத்துறை நிறுத்தியபோது, டாலி கையெழுத்து மட்டும் இருந்த 40 ஆயிரம் வெற்றுத் தாள்கள் உள்ளே இருந்தன. மேலே பிறகு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கையெழுத்து நிபுணர் லென்ஸை வைத்துப் பார்த்து 'அசல்' என்று சொன்னால், அவர் சொல்வது உண்மைதான். வாங்கியவர் ஏமாந்ததும் உண்மைதான்.

இந்தியாவில் ஓவியர் எஸ்.எச்.ராசாவுக்கு நடந்தது வேறு விதம். 2009-இல் டெல்லியில் தன் படங்களின் கண்காட்சியைத் திறந்துவைக்கப் போனவர், சுவரில் தொங்கியவற்றில் பெரும்பாலானவை தான் வரையாதவை என்று கண்டார். வரைந்தவரே உயிரோடு வந்து நின்றதால் தீர்ந்த விஷயம். அந்த வாய்ப்பு எத்தனை படங்களுக்குக் கிடைக்கும்?

அமெரிக்க விளையாட்டுச் சந்தையில் இதற்கு ஒரு முரட்டு வழி கண்டுபிடித்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில், கலிஃபோர்னியாவை மையமாக வைத்துப் போலிக் கையெழுத்துப் பந்துகளும் படங்களும் தயாரித்த கும்பல் பிடிபட்டது. ஒவ்வொன்றோடும் உறுதிச் சான்றிதழும் உண்டு. பிடிபட்ட சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் கூட இருந்தது! சான்றிதழ் என்பது இன்னொரு தாள் மட்டுமே என்று எல்லாருக்கும் புரிந்தது. 2001 முதல் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு, வீரர் கையெழுத்துப் போடுவதைத் தன் சாட்சி ஒருவர் கண்ணால் பார்த்தால்தான் ஹாலோகிராம் ஒட்டுவது என்று வைத்துக்கொண்டது. சாட்சிகளில் பலர் காவல்துறையில் இருப்பவர்கள் அல்லது ஓய்வு பெற்றவர்கள். போட்ட பிறகு ஆராய்வதைக் கைவிட்டு, போடும்போதே பக்கத்தில் ஆளை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் போடப்போகும் கையெழுத்துகளுக்கு இது சரி. ஏற்கெனவே உலகில் சுற்றிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கானவற்றுக்கு லென்ஸும் ஊதா விளக்கும்தான்.

கொன்ராட் குயாவ் சிறையிலிருந்து வந்த பிறகு ஷ்டுட்கார்ட்டில் கடை போட்டு, பெரிய ஓவியர்களின் படங்களை நகலெடுத்து, கீழே அவர்கள் பெயரோடு தன் பெயரையும் போட்டு 'அசல் குயாவ் போலிகள்' என்று வெளிப்படையாக விற்றார். நல்ல கிராக்கி. 2000-இல் அவர் இறந்தார். 2010-இல் அவருடைய உறவினர் ஒருவர் ஜெர்மனியில் தண்டனை பெற்றார்: ஆசியாவில் மலிவாக வரைந்து வாங்கிய நகல் ஓவியங்களில் குயாவின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு, அசல் குயாவ் போலிகள் என்று விற்றதற்காக.